ஏசி தானாக அணையவில்லை

கண்ணு,

போன வெள்ளிக்கிழமை சாயங்காலம் உன் வீட்டிலிருந்து கிளம்பும்போது, "ஏம்மா, மூஞ்சி ஒரு மாதிரி இருக்குது?" என்று கேட்டாய். தலைவலி என்று சொல்லிவிட்டு பஸ் ஏறிவிட்டேன். எனக்குத் தலைவலி எதுவும் இல்லை. பால்கனியில் நின்று உன் போனைக் காட்டி நீ சொன்னதைக் கேட்டதிலிருந்து எனக்கு வேறு நினைப்பே இல்லை. அத்திப்பள்ளி எல்லையைத் தாண்டியதும் தெரியவில்லை, ஓசூர் வந்ததும் தெரியவில்லை. கண்டக்டர் வந்து தோளுக்குப் பக்கத்தில் சீட்டைத் தட்டிய பிறகுதான் எழுந்தேன். இதையெல்லாம் போனிலேயே சொல்லியிருக்கலாம். சொன்னால் நீ நடுவில் பேசுவாய், நான் கத்துவேன் அல்லது அழுவேன், விஷயம் முழுதாக உன்னிடம் வந்து சேராது. அதனால் எழுதுகிறேன். எழுதி முடித்ததும் தாள்களைப் படம் எடுத்து அனுப்புகிறேன். கடைசிவரை படி. இதில் பாதி உன்னைப் பற்றியது. மீதிப் பாதி, உன் அப்பாவுக்கு நான் செய்தது. அது உனக்குத் தெரியாது. இந்தத் திங்கட்கிழமை வரைக்கும் அவருக்கும் தெரியாது.

அன்றைக்கு நீ காலையில் வேலைக்குக் கிளம்பிய பிறகு நானும் மேகலாவும்தான் வீட்டில் இருந்தோம். உன் வீடு கடைசி மாடி. பதினொரு மணிக்கே கூரை சுட ஆரம்பித்துவிட்டது. ஹாலில் மேற்கு ஜன்னலுக்குப் பக்கத்தில் மேசை போட்டு அவள் வேலை பார்க்கிறாள். ஏசி படுக்கையறையில் இருக்கிறது. கதவைத் திறந்து வைத்தால் வருகிற கொஞ்சம் குளிர்ச்சிதான் அவளுக்கு. பன்னிரண்டரைக்கு அந்த ஏசி பீப் என்று ஒரு சத்தம் போட்டுவிட்டு நின்றது. கரண்ட் போய்விட்டதோ என்று பார்த்தேன், விசிறி ஓடிக்கொண்டிருந்தது. மேகலா எழுந்து போய் ரிமோட்டை அழுத்தினாள். ஓடியது. பத்து நிமிடத்தில் மறுபடியும் நின்றது. "தெனமும் இப்பிடித்தான் அத்தை. மத்தியானம் ஆனா தானா நின்னுடுது. மெஷின் சூடாயிடுது போல. ரெண்டு தடவை மெக்கானிக் வந்து பாத்துட்டுப் போயிட்டாரு, ஒண்ணும் கோளாறு இல்லைங்கறாரு. சும்மா சும்மா கூப்பிட எனக்கே வெக்கமா இருக்குது" என்றாள். சொல்லிவிட்டு குளியலறையிலிருந்து ஒரு பக்கெட்டில் தண்ணீர் பிடித்துக்கொண்டு வந்தாள். ஏழு மாத வயிற்றோடு பக்கெட்டைத் தூக்கக் கூடாது என்று நான் ஓடிப்போய் வாங்கினேன். எதற்கு என்று கேட்டேன். மேசைக்கு அடியில் வைக்கச் சொன்னாள். அதற்குள் இரண்டு காலையும் விட்டுக்கொண்டு, தலையைச் சீவி, துப்பட்டாவைச் சரிசெய்து, கம்ப்யூட்டரில் தெரிகிற ஆட்களைப் பார்த்துச் சிரித்துப் பேச ஆரம்பித்தாள். அவள் கால் வீங்கியிருந்தது. கழுத்தில் வியர்வை வழிந்துகொண்டே இருந்தது. எதிரில் பேசுகிறவர்களுக்கு அது எதுவும் தெரிந்திருக்காது.

நீ ஐந்தரைக்கு வந்தாய். வந்ததும் நானே உன்னிடம் சொன்னேன், அந்த ஏசியை முதலில் மாற்று, பிள்ளைத்தாய்ச்சி பாவம் என்று. நீ சிரித்தாய். என்னைப் பால்கனிக்குக் கூட்டிக்கொண்டு போய், கதவைச் சாத்திவிட்டு, போனை எடுத்துக் காட்டினாய். "மெஷின்ல ஒண்ணும் இல்லம்மா. நான்தான் ஆஃப் பண்றேன். கம்பெனியிலருந்தே பண்ணிக்கலாம், போன்லயே இருக்குது. அவ போட்டா எனக்கு இதுல காட்டும், நான் திரும்ப ஆஃப் பண்ணிடுவேன். அவளுக்குத் தெரியாது, கோளாறுன்னு நெனச்சிக்கினு இருக்கா. போன மாசத்துக்கு இந்த மாசம் எவ்ளோ யூனிட் கொறைஞ்சிருக்குது பாரு." நான் போனைப் பார்க்கவில்லை, உன் முகத்தைத்தான் பார்த்தேன். உன் முகத்தில் ஒரு கள்ளத்தனமும் இல்லை. பரீட்சையில் நல்ல மார்க் வாங்கி வந்து காட்டுகிற முகம் அது. "எல்லாம் உன்கிட்ட கத்துக்கிட்டதுதாம்மா" என்றாய். உள்ளே அவள் எனக்காக டீ போட்டுக்கொண்டிருந்தாள். நான் அவளிடம் எதையும் சொல்லாமல், அந்த டீயையும் குடித்துவிட்டு வந்தேன். வாயை மூடிக்கொள்வது எனக்கு எவ்வளவு சுலபமாக வருகிறது என்பதை நினைத்தால் அதுவும் அதிர்ச்சியாகத்தான் இருக்கிறது.

நீ எதைச் சொன்னாய் என்று எனக்குத் தெரியும். நீ பத்தாவது படிக்கும்போது, சாயங்காலம் டிவி முன்னால் உட்கார்ந்தால் எழுந்திருக்க மாட்டாய். சொல்லிப் பார்த்தேன், திட்டிப் பார்த்தேன். பிறகு மெயின் போர்டில் ஹால் பியூஸை மட்டும் பிடுங்கி முந்தானையில் முடிந்துகொண்டு, "லோ வோல்டேஜ்டா, ஹால்ல எதுவும் வேலை செய்யாது" என்று சொல்லிவிடுவேன். நீயும் நம்பி, புத்தகத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விடுவாய். ரிசல்ட் வந்த பிறகு நானே உன்னிடம் சொல்லிச் சிரித்தேன். நீயும் சிரித்தாய். வந்தவர்களிடமெல்லாம் அந்தக் கதையைச் சொல்லி இருவரும் எத்தனை முறை சிரித்திருப்போம்! ஒருவருக்குத் தெரியாமல் அவருடைய சுவிட்சை நம் கையில் வைத்துக்கொள்வது கெட்டிக்காரத்தனம் என்று நான்தான் உனக்குக் காட்டியிருக்கிறேன். அந்தக் கதை அதோடு முடிந்திருந்தால் இந்தக் கடிதம் தேவையில்லை.

மூன்று வருடத்துக்கு முன்னால், நீ புனேயில் ட்ரெயினிங்கில் இருந்தபோது, நம் வீட்டுக்கு ஏசி வாங்கினோம். ஓசூரில் விசிறியே வேண்டாம் என்று ஊரெல்லாம் சொன்ன காலத்தில்தான் நாம் இங்கே வீடு கட்டினோம். படுக்கையறை மேற்குப் பார்த்து இருப்பதைப் பற்றி அப்போது யாரும் யோசிக்கவில்லை. அப்பா கம்பெனி பஸ் ஓட்டி ரிட்டையராகி, அவ்வப்போது ஆக்டிங் டிரைவராகப் போய்க்கொண்டிருந்தார். பிரஷருக்கு மாத்திரை சாப்பிட்டார். வெயில் காலத்தில் மத்தியானம் அந்த அறையில் படுக்க முடியவில்லை என்று அவர் சொன்னதால்தான் வாங்கினோம். ஆனால் வாங்கிய நாளிலிருந்து எனக்கு ஒரே ஒரு எண்தான் கண்ணில் நின்றது. இரண்டு மாதத்தில் ஐநூறு யூனிட்டைத் தாண்டக் கூடாது. தாண்டினால் ரேட்டே கூடிவிடும், கணக்கே வேறு. தினமும் காலையில் வேலைக்குக் கிளம்பும் முன் மீட்டரைப் பார்த்து காலண்டரில் எழுதுவேன். நான் கம்பெனியில் குவாலிட்டி செக்கிங்கில் இருந்தவள் இல்லையா, அளந்து எழுதுவது கையிலேயே ஊறிப்போன பழக்கம். நான் வீட்டுக்கு வந்த பிறகு மட்டும்தான் ஏசி போட வேண்டும் என்று அப்பாவிடம் சொல்லியிருந்தேன். அவரும் சரி என்றார். ஆனால் ஏப்ரலில் மீட்டர் வேகமாக ஏறியது. மத்தியானம் ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம் போட்டுக்கொள்கிறார் என்று புரிந்தது. கேட்டிருந்தால் ஒத்துக்கொண்டிருப்பார். வெயில் தாங்கவில்லை என்று சொல்லியிருப்பார். அப்புறம் நான் என்ன பதில் சொல்வது? அதனால் கேட்கவில்லை. ஒருநாள் காலையில் ஏசி ரிமோட்டை எடுத்து என் கைப்பையில் போட்டுக்கொண்டு வேலைக்குப் போய்விட்டேன்.

முதல் இரண்டு நாளும் ஒன்றும் நடக்கவில்லை. ஒரு நாள் மேகமூட்டம், இன்னொரு நாள் அவர் ஆக்டிங் போய்விட்டார். இரண்டு நாளும் சாயங்காலம் வந்து ரிமோட்டை ஜன்னல் மேல் பழைய இடத்தில் வைத்துவிட்டேன். மூன்றாம் நாள் வெயில் கொளுத்தியது. எங்கள் அசெம்பிளி ஹால் உனக்குத் தெரியும், வருடம் முழுக்கக் குளிர். அது எங்களுக்காக இல்லை, பாகங்களுக்காக. சூட்டில் அளவு மாறிவிடும் என்று வைத்திருக்கிறார்கள். அன்றைக்கு எனக்குக் கை விறைத்துப்போய், யூனிபார்ம் கோட்டுக்கு உள்ளே ஸ்வெட்டர் போட்டுக்கொண்டுதான் வேலை பார்த்தேன். போன் லாக்கரில் இருந்தது. ஹாலுக்குள் கொண்டுபோகக் கூடாது. ஷிப்ட் முடிந்து எடுத்துப் பார்த்தால் அப்பாவிடமிருந்து நாலு மிஸ்டு கால். திருப்பிக் கூப்பிட்டேன், எடுக்கவில்லை. தூங்குகிறார் என்று நினைத்துக்கொண்டேன். வழியில் இறங்கிக் கீரைகூட வாங்கினேன் கண்ணு. ஒரு கட்டு கீரைக்காக ஐந்து நிமிடம் நின்றேன்.

வீட்டுக் கதவு தாழ் போடாமல் இருந்தது. படுக்கையறைக்குள் போனதும் திருடன் வந்துவிட்டான் என்றுதான் முதலில் நினைத்தேன். மெத்தை புரட்டிப் போடப்பட்டிருந்தது. பீரோவில் இருந்த துணியெல்லாம் தரையில் கிடந்தது. மேசை இழுப்பறைகள் ஒன்றுவிடாமல் வெளியே இழுத்துக் கவிழ்க்கப்பட்டிருந்தன. அப்பா குப்புற விழுந்து கிடந்தார், ஒரு கையும் தலையும் கட்டிலுக்கு அடியில். ரிமோட் கட்டிலுக்குக் கீழே விழுந்திருக்குமோ என்று பார்க்கக் குனிந்தவர் அப்படியே விழுந்திருக்கிறார். தொட்டேன். அடுப்பில் இருந்து இறக்கிய பாத்திரம் மாதிரி சுட்டது, ஒரு சொட்டு வியர்வை இல்லை. கூப்பிட்டால் கண்ணைத் திறந்தார், என்னை யாரென்று தெரியவில்லை. நான் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டுக் கன்னடக்கார அம்மா ஓடிவந்தாள். "நீரு, நீரு! பேகா!", சீக்கிரம் தண்ணீர் என்று அவள்தான் கத்தி, குடத்தோடு தண்ணீரைத் தூக்கி அவர்மேல் கொட்டினாள், வெளியே ஓடி ஆட்டோ பிடித்தாள். நான் நின்ற இடத்திலேயே நின்றேன். தோளில் கைப்பை அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது. அதற்குள் ரிமோட் இருந்தது.

ஆஸ்பத்திரியில் மறுநாள்தான் அவருக்குத் தெளிவு வந்தது. டாக்டரம்மா வந்து பார்த்துவிட்டுச் சொன்னாள், அவர் சாப்பிடுகிற பிரஷர் மாத்திரை உடம்பிலிருந்து தண்ணீரை வெளியேற்றுகிற வகை, அந்தச் சூட்டில் உடம்பில் இருந்த தண்ணீர், உப்பு எல்லாம் போய்விட்டது, இன்னும் ஒரு மணி நேரம் ஆகியிருந்தால் கிட்னியோ மூளையோ போயிருக்கும், ஆளே போயிருக்கலாம் என்று. பிறகு அவரைப் பார்த்து, "வீட்ல ஏசி இல்லையாங்கய்யா?" என்று கேட்டாள். அப்பா சொன்னார்: "இருக்குதுங்கம்மா. ரிமோட்ட எங்கயோ வெச்சிட்டேன். ரெண்டு மணி நேரமா தேடுனேன், கெடைக்கல. வயசாவுதில்ல, மறந்து போவுது." நான் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். கைப்பை என் மடியில் இருந்தது. டாக்டரம்மா என்னைப் பார்த்து, "மறதி எவ்வளவு நாளா இருக்கு?" என்று கேட்டாள். அந்த இடத்தில் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். "இப்பத்தான், கொஞ்ச நாளா" என்று சொன்னேன். என் வாயிலிருந்து அந்த வார்த்தை எப்படி வந்தது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை. யாரோ பக்கத்திலிருந்து பேசியது போல் இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் ரிமோட்டை டிவிக்குப் பின்னால் வைத்து, நானே தேடி எடுப்பது போல் எடுத்துக் கொடுத்தேன். "இங்கதாங்க இருக்குது." அவர் அதைக் கையில் வாங்கி ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "இங்க எப்ப வெச்சேன்?" என்றார். உன்னிடம் போனில், அப்பாவுக்கு லோ பிரஷர், மயங்கிவிட்டார், இப்போது பரவாயில்லை என்று மட்டும் சொன்னேன். அடுத்த வாரம் அவரை ஆக்டிங் டிரைவராகக் கூப்பிட ஆள் வந்தபோது, இனிமேல் வரமாட்டேன் என்று சொல்லி அனுப்பிவிட்டார். "ரிமோட் வெச்ச எடம் தெரியாதவன் ஜனங்கள ஏத்திக்கினு ஸ்டியரிங் புடிக்கக் கூடாது" என்றார். முப்பது வருடம் ஒரு கீறல் இல்லாமல் பஸ் ஓட்டியவர். லைசென்ஸ் தேதி முடிந்தபோது புதுப்பிக்கவும் இல்லை. ஏன் அப்பா வண்டியைத் தொடுவதே இல்லை என்று உன் கல்யாணத்தின்போது நீ என்னிடம் கேட்டாய். கண் சரியில்லை என்று சொன்னேன். கேஸை மூடினேனா என்று அவர் நாலு தடவை போய்ப் பார்க்கிறதை நீயும் பார்த்திருப்பாய். அது மறதி இல்லை. தன்மேல் நம்பிக்கை போனதால் வந்தது. அதைக் கொண்டுவந்தவள் நான்.

இவ்வளவு சொன்ன பிறகு, ஏசியை இஷ்டத்துக்கு ஓட்டு, கரண்ட்டைப் பற்றி யோசிக்காதே என்று நான் சொல்லப்போவதாக நினைக்காதே. கரண்ட்டைக் குறைப்பது நல்ல காரியம். நானும் குறைத்தேன். ஆனால் அதற்கு முன் சாதிக் பாய் என்கிற ஏசி மெக்கானிக் வந்து நம் வீட்டைப் பார்த்தார், ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மூன்றாம் நாள். மூடியைத் திறந்ததும், "என்னா மேடம், ஜமுக்காளம் நெய்ஞ்சு வெச்சிருக்கீங்க?" என்றார். பக்கத்துக் கல்குவாரித் தூசி பில்டரில் கம்பளி மாதிரி படிந்திருந்தது. வெளி யூனிட்டுக்கு மழை படக் கூடாது என்று நான் தார்ப்பாய் போட்டு மூடியிருந்தேன். அது மூச்சுவிட முடியாமல் ஓடிக்கொண்டிருந்தது. கதவுக்கு அடியில் இரண்டு விரல் இடைவெளி. வென்டிலேட்டர் திறந்தே கிடந்தது. நான் பதினெட்டில் வைத்துக் கொஞ்ச நேரம் ஓட்டி நிறுத்துவேன். "கம்மியா வெச்சா சீக்கிரம் குளுராது மேடம், ரொம்ப நேரம் ஓடும், அவ்ளோதான். இருபத்தேழுல வெச்சு மேல ஃபேன மெதுவா உடுங்க. மெஷின் மேல தப்பில்ல, ரூம் மேலதான் தப்பு" என்றார். போகும்போது, மூடிக்கு அடியில் விரலை விட்டுக் காட்டினார். "ரிமோட் இல்லாட்டியும் இங்க ஒரு பட்டன் இருக்குது. அமுக்குனா ஓடும்." அப்பா அதைப் பார்த்துவிட்டு, "இது தெரியாம போச்சே" என்றார். நான் சமையலறைக்குள் போய்விட்டேன்.

பிறகு உன் உத்தனப்பள்ளி மாமா வந்தார். அவர் தோட்டத்தில் குடைமிளகாய்க்குப் போட்டதில் மீந்த நிழல்வலை ஒரு சுருள் கொண்டுவந்து, மேற்கு ஜன்னலுக்கு வெளியே, சுவரை விட்டு இரண்டடி தள்ளிக் கம்பி கட்டி இழுத்துக் கட்டினார். "செடி வாடுதுன்னா நெழல் கட்றோம். தண்ணிய நிறுத்துவோமா?" என்று சாதாரணமாகத்தான் சொன்னார், அவருக்கு ஒன்றும் தெரியாது. எனக்கு முதுகில் அடித்தது போல் இருந்தது. மொட்டை மாடிக்கு வெயிலைத் திருப்பி அனுப்புகிற வெள்ளைப் பூச்சு இரண்டு கை அடித்தோம். கதவடியில் ரப்பர் பட்டை ஒட்டினோம். மத்தியானச் சாப்பாட்டை அந்த அறைக்கே கொண்டுபோய், அப்பா டிவி பார்ப்பதும் படுப்பதும் ஒரே அறையில் என்று மாற்றிக்கொண்டார். நான் மீட்டரைப் பார்ப்பதையே விட்டுவிட்டேன்; பார்க்கப் பயமாக இருந்தது. அந்த மே மாதம் முழுக்க அப்பா பதினோரு மணியிலிருந்து நாலு மணி வரை ஏசி போட்டுக்கொண்டார். ரீடிங் எடுக்க ஆள் வந்து அட்டையில் எழுதிவிட்டுப் போனார். எடுத்துப் பார்த்தேன், கண்ணாடி போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தேன். ஐநூறுக்கு வெகு கீழே. அதற்கு முந்தின தடவையைவிடவும் குறைவு. மீட்டர் கெட்டுவிட்டதோ என்றுகூட நினைத்தேன். கெடவில்லை. அந்த மனிதர் அறையில் நிம்மதியாகப் படுத்திருந்ததற்குச் செலவான கரண்ட், அவரை நான் வேகவைத்தபோது ஆனதைவிடக் குறைவு. அந்த அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் வாசலில் நின்றேன் என்று தெரியாது.

உன் வீட்டையும் அன்றைக்கு நான் சுற்றிப் பார்த்தேன். ஏசி ஒரு அறையில், அவள் இன்னொரு இடத்தில். மேற்கு ஜன்னலுக்கு உள்ளே திரை போட்டிருக்கிறாய். கண்ணாடியைத் தாண்டி வெயில் உள்ளே வந்த பிறகு திரை என்ன செய்யும்? வெளியே கட்ட வேண்டும். அவள் மேசையைப் படுக்கையறைக்கு மாற்றிக் கதவைச் சாத்தினால் பாதி கரண்ட் அங்கேயே குறையும். மொட்டை மாடி எல்லாருக்கும் பொது என்றால், உன் வீட்டுக்கு மேல் மட்டும் வெள்ளை அடித்துக்கொள்கிறேன் என்று அசோசியேஷனில் கேள். வெளி யூனிட் முன்னால் காயப் போட்டிருக்கிற துணி ஸ்டாண்டை எடு. இதெல்லாம் உனக்குத் தெரியாததா? கம்பெனியில் ஒரு மெஷின் அதிகம் கரண்ட் இழுத்தால் எங்கே ஒழுகுகிறது என்று தேடுவாய். வீட்டில் மட்டும் ஏன் ஆளைத் தேடினாய்? கேட்பதற்கு எனக்கு யோக்யதை இல்லை என்று தெரிந்தும் கேட்கிறேன். அவள் வயிற்றில் ஒரு உயிர் இருக்கிறது. அதற்குத் தாங்காத சூடு எது என்று அந்த போனில் காட்டாது.

உனக்கு எழுதுவதற்கு முன் அப்பாவிடம் சொல்ல வேண்டும் என்று சனி, ஞாயிறு முழுக்கத் தவித்தேன். திங்கட்கிழமை காலையில் அவர் சாப்பிட்டு முடித்ததும் சொன்னேன். கைப்பை, மிஸ்டு கால், டிவிக்குப் பின்னால் வைத்தது, டாக்டரம்மாவிடம் சொன்னது, ஒன்றையும் விடவில்லை. அவர் கோபப்படுவார், கத்துவார் என்று தயாராக இருந்தேன். அவர் கேட்டது ஒன்றுதான். "அப்ப எனக்கு மறதி இல்லையா?" இல்லைங்க என்றேன். மறுபடியும் அதையே கேட்டார். "நெஜமாவே இல்லையா?" இல்லைங்க. அவர் எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார். "நீ ரிமோட் எடுத்துக்கினு போனது கூட பரவாயில்ல. மூணு வருசம் நான் என்னையே சந்தேகப்பட்டுக்கினு இருந்தேன். நீ பக்கத்துல உக்காந்து பாத்துக்கினு இருந்த" என்றார். அதற்கு மேல் அன்றைக்கும் பேசவில்லை, மறுநாளும் பேசவில்லை. சாப்பாடு போட்டால் சாப்பிட்டார், என் முகத்தைப் பார்க்கவில்லை. மன்னிப்புக் கேட்டேன். "இப்ப வேணாம்" என்றார். எப்போது என்று கேட்க எனக்கு தைரியம் வரவில்லை.

நேற்று காலையில் சட்டையை மாட்டிக்கொண்டு, பழைய லைசென்ஸை எடுத்துக்கொண்டு வெளியே போனார். கண் பரிசோதனை, பாரம், போட்டோ என்று அலைந்துவிட்டு மத்தியானம் வந்தார். புதுசு கையில் வர இன்னும் சில நாள் ஆகும், டெஸ்ட்டும் இருக்கிறதாம். அவருக்கு அறுபத்தைந்து வயது. எல்லாம் முதலில் இருந்து. வந்து உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டு, நான் எழுதி வைத்திருந்த இந்தத் தாள்களைக் கேட்டார். கொடுத்தேன். அதுவரை எழுதியிருந்ததை முழுக்கப் படித்தார். ஒரு இடத்தில் மட்டும் நிறுத்தி, "கீரை வாங்குனத எதுக்கு எழுதியிருக்க?" என்றார். எழுதத்தான் வேண்டும் என்றேன். தாள்களைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, மூன்று நாளில் முதல் முறையாக என் முகத்தைப் பார்த்து, "அந்தப் பொண்ணுகிட்ட அவனே சொல்லணும். நீ சொல்லாத. அவன் வாயால சொன்னாத்தான் அது சரியாவும்" என்றார்.

அதனால் மேகலாவிடம் நான் எதுவும் சொல்லவில்லை. நீதான் சொல்ல வேண்டும். இன்றைக்கே சொல், அவள் அந்த மெக்கானிக்கை மூன்றாவது முறை வெட்கப்பட்டுக்கொண்டு கூப்பிடுவதற்கு முன் சொல். விளையாட்டுக்குச் செய்தேன் என்று சொல்லாதே, பில்லுக்காக என்று காரணம் சொல்லாதே. மெஷினில் கோளாறு இல்லை, நான்தான் நிறுத்தினேன் என்று சொல். அவள் அழலாம். அவள் அம்மா வீட்டுக்குப் போகிறேன் என்று சொல்லலாம். சொன்னால் கொண்டுபோய் விடு. மூன்று வருடம் கழித்துச் சொல்வதைவிட எல்லாமே மேல், அது எனக்குத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நாங்கள் இரண்டு பேரும் பஸ்ஸில் வருகிறோம். மாமாவிடம் நிழல்வலை வாங்கி வைத்திருக்கிறேன். மேற்கு ஜன்னலுக்கு அப்பா கம்பி கட்டித் தருவார். கூட நின்று பிடிக்க நீ வீட்டில் இரு. நாங்கள் வந்து மணி அடிக்கும்போது கதவைத் திறக்கிறவளுக்கு எல்லாம் தெரிந்திருக்க வேண்டும். இன்னொரு டீயை என்னால் அப்படிக் குடிக்க முடியாது.

உன் அம்மா